பாபநாசத்துப் படிகளில் உட்கார்ந்து இறங்கிய நாள்

1

போன இலையுதிர் காலத்தோடு என் சக்கர நாற்காலிக்கு நான்கு வயது முடிந்தது. வீட்டில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. எனக்கு மட்டும் நாள் நினைவில் இருந்தது. அன்று காலையும் வழக்கம்போல நூலகத்து வேலைக்குப் போகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். நின்றேன் என்றுதான் இன்னும் வாயில் வருகிறது.

ஜெர்மனியின் வடக்கே பிரேமன் நகரத்தில் இருக்கிறேன். வந்து இருபத்து நான்கு வருடமாகிறது. இங்கே பேருந்து வந்து நின்றதும் ஒரு பக்கமாகப் பையச் சாய்ந்து கொடுக்கும், யானை ஆள் ஏற்றிக்கொள்ள முழங்காலை மடக்குவதுபோல. ஓட்டுநர் இறங்கிவந்து நடுவாசலில் மடங்கிக் கிடக்கும் பலகையை இழுத்து விரிப்பார். நான் உருண்டு ஏறுவேன். எங்கே இறங்கவேண்டும் என்று கேட்பார். அந்த இடத்தில் மறுபடி வந்து பலகையை விரிக்க வேண்டுமே.

அன்று நல்ல மூடுபனி. ஆற்றங்கரை மரங்கள் இடுப்புக்கு மேல்தான் தெரிந்தன, வேரெல்லாம் பனிக்குள். ஓட்டுநர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். நான் சொன்னேன், "வண்ணார்பேட்டை."

அந்தப் பக்கம் இந்தப் பேருந்து போகாதே என்றார் அவர், மிகுந்த மரியாதையோடு.

சரியான நிறுத்தத்தின் பெயரைச் சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த இருபது நிமிடமும் நான் எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில்தான் இருந்தேன். பாளையங்கோட்டைக்குப் போகிற பஸ் வருகிறது. கல்லூரிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தபடியே பேசுகிறார். நானும் ஏறப்போகிறேன். அந்த முதல் படி கண்ணில் பட்டதும் எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. முட்டி உயரத்துக்கு இருக்கும் அந்தப் படி. நடக்க முடியாமல் போனபின் நான் ஊருக்குப் போகவே இல்லை. அம்மா அப்பா இரண்டு பேரும் அதற்கு முன்பே போய்விட்டார்கள், இனி அங்கே என்ன என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொள்வேன். உண்மைக் காரணம் அந்தப் படிதான்.

2

ஊருக்குப் போவதென்று முடிவு செய்ததும் விமான நிறுவனத்திலிருந்து படிவங்கள் வரத் தொடங்கின. நாற்காலியின் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, எடை எவ்வளவு, மின்கலம் உண்டா, மடங்குமா. பயணி தானாக நடப்பாரா, சில அடிகளாவது நடப்பாரா, படி ஏறுவாரா. மூன்று முறை ஒரே விவரத்தை எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்கு என்னைவிட என் நாற்காலிமேல்தான் அக்கறை அதிகம் என்று தோன்றியது.

கூடத் துணைக்கு ஒருவர் வேண்டும் என்று ஓர் அலுவலகத்தில் சொல்லவேண்டியிருந்தது. துணைக்கு ஜெர்மன் மொழியில் 'பெக்ளைட்டுங்' என்பார்கள். உடைக்கு 'பெக்ளைடுங்'. இத்தனை வருடத்துக்குப் பிறகும் நாக்கு புரண்டது. ஊருக்குப் போக எனக்கு உடை வேண்டும் என்று கேட்டுவிட்டேன். எதிரே இருந்த பெண்மணி, மன்னிக்கவேண்டும், நாங்கள் உடை தருவதில்லை என்றார் வருத்தத்தோடு. வெளியே வந்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

துணைக்கு என் மகள் யாழினி வந்தாள். இருபது வயது. கணவருக்கு விடுப்பு கிடைக்கவில்லை, வேறு ஆள் இல்லை, அதனால் வந்தாள். அவளுக்கு என்மேல் கோபம் ஒன்றும் இல்லை. என் உடம்பு இப்படி ஆனபோது அவளுக்குப் பதினாறு. அந்த வயதில் பிள்ளைகள் தாயை விட்டு விலகத்தான் செய்யும். இவள் விலகுகிற நேரம் பார்த்து நான் விழுந்துவிட்டேன். மருத்துவமனைக்கு வந்து கட்டிலிலிருந்து இரண்டடி தள்ளி நிற்பாள். அந்த இரண்டடி பிறகு குறையவே இல்லை. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் வரும்.

புறப்படுமுன் என் தம்பி சண்முகத்தோடு ஸ்பீக்கர் ஃபோனில் அவளே பேசினாள். விமான நிலையத்தில் அம்மாவை எப்படி அழைத்து வருவாய் என்று அவன் கேட்க, "நான் அம்மாவத் தள்ளிட்டு வந்துடுவேன் மாமா" என்றாள். அவன் பதறிப்போய், எங்க தள்ளுத, கீழயா என்றான். மூன்று பேரும் சிரித்தோம். அவள் எதற்காகச் சிரித்தாள் என்று தெரியவில்லை, ஆனால் சிரித்தாள்.

3

பாளையங்கோட்டையில் சண்முகம் வீட்டு வாசலில் எனக்காகச் சிமெண்டுச் சரிவு போட்டிருந்தான். போட்டுச் சில நாள்தான் ஆகியிருக்கும், மேலே நனைந்த சாக்கு விரித்திருந்தது. குளியலறைக் கதவைக் கழற்றித் திரை மாட்டியிருந்தான். கட்டிலின் காலை அறுத்து உயரத்தைக் குறைத்திருந்தான்.

ஒன்பது நாள் அந்த வீட்டுக்குள்ளேயே இருந்தேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள். உனக்கு எதுக்கு அலைச்சல், நாங்க வரமாட்டோமா என்றார்கள். அல்வா வந்தது. துணிக்கடைக்காரர் புடவைகளை மூட்டையாகக் கட்டி வீட்டுக்கே கொண்டுவந்து விரித்தார். ஒரே ஒரு நாள், வீட்டுப் பத்திர விஷயமாக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கே சரிவுப் பாதை இருந்தது. அதன்மேல் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அதிகாரி நல்ல மனிதர். காகிதத்தோடு காருக்கே வந்து, கண்ணாடியை இறக்கச்சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். எல்லாரும் நல்லவர்கள்தான். அவர்கள் நல்லவர்களாக இருந்ததால்தான் என்னால் காரைவிட்டு இறங்க முடியவில்லை.

ஒன்பதாவது நாள் பாபநாசம் போய் ஆற்றைப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்றேன். சண்முகம் உடனே கிளம்பி வெளியே போனான். மதியத்துக்குமேல் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலோடு வந்தான். "உனக்காகப் போயி ஆத்துத் தண்ணி கொண்டாந்திருக்கேன்க்கா. மேலுக்குத் தெளிச்சுக்கோ." தொண்ணூறு கிலோமீட்டர் போய்வந்த களைப்பு அவன் முகத்தில் இருந்தது. நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை தெருவில் ஒரு ஸ்கூட்டர் சத்தம். பின்பக்கம் இரண்டு துணைச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். வாசலில் நிற்கவில்லை. சிமெண்டுச் சரிவில் ஏறி நேரே நடையில் வந்து நின்றது. அதன்மேல் கறுப்புப் புர்கா, மூக்குக் கண்ணாடி, முன்பக்கம் நிறுத்திவைத்த இரண்டு ஊன்றுகோல்.

"ஏலே சம்முகம், சரிவு செங்குத்தா இருக்கு. தனியா ஏறினா பொறத்தாலே சாஞ்சிருவா" என்றாள் வந்தவள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஏளா கோமதி."

அது பாத்து. செய்யதலி பாத்திமா. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை ஒரே பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவள். இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போனது. மேலப்பாளையத்திலிருந்து அவள் வாப்பா தினமும் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்து விடுவார். இப்போது பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை. எனக்குக் கல்யாணமாகி ஜெர்மனி போனபின் நாலைந்து கடிதம் எழுதியிருப்பேன், அப்புறம் விட்டுப்போயிற்று. இனி நடக்க முடியாது என்று மருத்துவர் சொன்ன அன்று எனக்கு முதலில் நினைவு வந்த முகம் அவளுடையது. அதை அவளிடம் எப்படி எழுதுவது? எழுதவில்லை.

"நீ வந்திருக்கன்னு ஊரே சொல்லுது. பத்து நாளா வீட்டுக்குள்ளயா கெடக்க?" என்றாள். என் கட்டிலருகே இருந்த பாட்டிலைப் பார்த்து அது என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"நாளைக்கு லீவு போடுதேன். ஆத்துக்குப் போவோம்."

4

வாடகைக்கு ஒரு வேன் பிடித்தோம். சண்முகம் ஓட்டினான். அவனுக்கு இதில் சம்மதமில்லை. அங்கே படி, வழுக்கல், கூட்டம், எல்லாரும் வேடிக்கை பார்ப்பார்கள் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தான். கடைசியில், அங்கே நாலு ஆளைச் சொல்லி வைக்கிறேன், நாற்காலியோடு தூக்கிவிடுவார்கள் என்றான். விமானத்தில் ஏற்றும்போது தூக்குவார்கள். அந்த நேரம் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. நாற்காலியில் இருக்கும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் பயணத்துக்கு முந்தின தயாரிப்பு இதுதான் என்பாள். பாத்து கண்டுபிடித்துவிட்டாள். ஒரு பாட்டிலைத் திறந்து கையில் கொடுத்தாள். "குடி. எடம் நான் சொல்லுதேன்."

அவளுக்கு எல்லா இடமும் தெரிந்திருந்தது. சேரன்மகாதேவி தாண்டி ஒரு பெட்ரோல் பங்கு, அங்கே கழிவறைக் கதவு அகலம். அம்பாசமுத்திரத்தில் ஒரு கல்யாண மண்டபம், மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்களுக்காகப் பின்பக்கம் சரிவு கட்டியிருக்கிறார்கள், காவல்காரர் தெரிந்தவர். அதற்கப்புறம் ஒரு பள்ளிக்கூடம், சனி ஞாயிறென்றால் பூட்டியிருக்கும். இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு இடமும் அவள் ஒரு தடவை அவதிப்பட்டுத் தெரிந்துகொண்டது.

யாழினி பாத்துவை ஆன்ட்டி என்று கூப்பிட்டாள். சாச்சின்னு சொல்லு, சின்னம்மான்னு அர்த்தம் என்று பாத்து திருத்தினாள். அதன்பின் இருவரும் பின்சீட்டில் ஏதோ பேசிக்கொண்டே வந்தார்கள். நான் காதைக் கொடுக்கவில்லை. மார்கழி முடிகிற நேரம். நெல்வயல்கள் ஒரே பச்சையாக, காற்று வரும்போது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நிறம் மாறின. வாழைத்தோப்பு வந்தால் வேனுக்குள் வெளிச்சமும் பச்சையாகிவிடும். யாழினியின் கை, பாத்துவின் கண்ணாடி, என் மடி எல்லாம் பச்சை. தோப்பு முடிந்ததும் வெயில். அடுத்த தோப்பு வந்ததும் மறுபடி பச்சை. நாற்காலியை மடக்கிப் பின்னால் வைத்துவிட்டதால் நானும் எல்லாரையும்போல ஒரு சீட்டில் உட்கார்ந்திருந்தேன். மலை தூரத்தில் நீலமாகத் தெரிந்தது. விக்கிரமசிங்கபுரம் வந்தபோது முன்கண்ணாடி முழுக்க மலைதான். எனக்குக் கால் உண்டா இல்லையா என்ற நினைப்பே அந்த நேரம் இல்லை.

5

பாபநாசம் கோயில் எதிரே படித்துறை. ஆறு நிறைந்து போய்க்கொண்டிருந்தது. தண்ணீருக்குப் பதினோரு படி. யாழினி எண்ணிச் சொன்னாள். சண்முகம் சொல்லி வைத்திருந்த நாலு பேரும் வந்துவிட்டார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். மேலிருந்தே பார்த்துக்கொள்கிறேன், போதும் என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் இருந்தது.

பாத்து ஊன்றுகோல் இரண்டையும் யாழினியிடம் கொடுத்தாள். முதல் படியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உடம்பைத் தூக்கி அடுத்த படிக்கு இறக்கினாள். இரண்டாவது படி. மூன்றாவது படி. குளித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. நாலாவது படியிலிருந்து என்னைக் கூப்பிட்டாள்.

"எனக்குக் கூச்சமா இருக்கு பாத்து" என்றேன்.

"பாக்கட்டும். கொஞ்ச நேரம் பாப்பாங்க. பொறவு அவங்க துணிய அவங்க தொவைக்கணும்லா."

அதோடு யாழினியிடம் வாளியில் தண்ணீர் மொண்டு படிகளில் ஊற்றச் சொன்னாள். வெயிலில் கல் சுடுகிறது, உங்க அம்மாவுக்குத் தெரியாது என்றாள். பாத்துவின் கால் நடக்காதே தவிர அதற்குச் சூடும் குளிரும் தெரியும். என் காலுக்கு அதுவும் தெரியாது. அந்த வித்தியாசத்தை என் மருத்துவர்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு சாதாரணமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. யாழினி படியெல்லாம் நனைத்தாள். வேனிலிருந்து ஜமுக்காளத்தை எடுத்துவந்து நாலாக மடித்து முதல் படியில் போட்டாள். சண்முகமும் ஓர் ஆளும் என்னை நாற்காலியிலிருந்து அதில் இறக்கி வைத்தார்கள்.

கையை ஊன்றித் தூக்கினேன். உடம்பு இறங்கியது, கால்கள் இருந்த இடத்திலேயே கோணலாகக் கிடந்தன. அப்போது யாழினி எனக்கு முன்னால் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். என் இரண்டு பாதத்தையும் தன் இரண்டு கையில் ஏந்திக்கொண்டாள். நான் ஒரு படி இறங்க, அவள் பாதங்களை ஒரு படி இறக்கி வைத்தாள். பின்னால் சண்முகம் ஜமுக்காளத்தை இழுத்து இழுத்துப் போட்டான். இந்த நாலு வருடத்தில் யாழினி என் காலைத் தொட்டதில்லை. எனக்கு அவள் கை தெரியவில்லை, கண்ணால்தான் பார்த்தேன். நகத்தில் நீலச் சாயம் பூசியிருந்தாள்.

எத்தனை நேரமானதோ. தண்ணீர் வந்துவிட்டது. கடைசிப் படியில் மூவரும் வரிசையாக உட்கார்ந்தோம். என் பாதங்களை யாழினி தண்ணீருக்குள் விட்டாள். மீன்கள் வந்தன. விரல் நீளமும் முழ நீளமுமாகக் கூட்டமாக வந்து ஆறு பாதத்தையும் கொத்தத் தொடங்கின. என் பாதத்தைத்தான் அதிகம் மொய்த்தன, அது அசையாதது என்பதால். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கலங்காத தண்ணீருக்கடியில் யாருடையதோ இரண்டு பாதம் வெளிறித் தெரிந்தது.

"எப்படி இருக்கு, சொல்லேன்" என்றேன் யாழினியிடம்.

அவள் ஜெர்மனில் ஆரம்பித்தாள், நிறுத்தினாள். முகத்தைச் சுளித்தாள். வார்த்தையைத் தேடினாள். பாத்து ஏதோ சொல்ல வந்தாள், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். கடைசியில் யாழினி சொன்னாள், "கூசுதும்மா. ரொம்பக் கூசுது. ஆனா காலை எடுக்க மனசு வரல."

6

இறங்குவது எளிது. ஏறும்போது நாலாவது படியில் எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. சண்முகம் மேலிருந்து ஆட்களைக் கூப்பிடவா என்றான். பாத்து என் பக்கத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, கொஞ்ச நேரம் இருப்போம்லே என்றாள். யாழினி பொரி வாங்கக் கரைமேல் போனாள்.

"ஒம்பதாங் கிளாஸ்ல இங்கன டூர் வந்தீங்கள்லா" என்றாள் பாத்து.

வந்தோம். வகுப்பு முழுக்கப் பஸ்ஸில் வந்தது. அவளைக் கூட்டிவரவில்லை. பஸ்ஸில் ஏற்றி இறக்க யார் இருக்கிறார்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார். முந்தின நாள் நான் அவளிடம், சாயங்காலம் நேரே உன் வீட்டுக்கு வந்து எல்லாம் சொல்கிறேன் என்றேன். போகவில்லை. திங்கட்கிழமை அவளும் கேட்கவில்லை. முப்பத்தேழு வருடமாக அந்த நாளை நினைத்தாலே எனக்குள் ஏதோ சுருங்கும். இன்று அவளை இங்கே கூட்டிவந்துவிட்டோம் என்று வழியில் ஒரு திருப்திகூட எனக்கு இருந்தது.

"ஒன்ன இங்க கூட்டியாரணும்னு நெனச்சிக்கிட்டே இருந்தேன்" என்றேன்.

அவள் சிரித்தாள். "நான் எத்தன தடவ வந்துட்டேன். மொதல்ல வாப்பா தூக்கிக்கிட்டு பஸ்ல. அப்புறம் என் வண்டியிலேயே. ஆத்துக்கென்ன, அது எங்க போவப்போவுது." பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அன்னைக்கு நீ வருவன்னு வாசல்லயே உக்காந்திருந்தேன். பள்ளிவாசல்ல பாங்கு சொல்லி விளக்கு வச்சாச்சு. உம்மா உள்ள வரச் சொல்லுதாங்க, நான் போவல. ஏன் வரல நீ?"

இத்தனை வருடத்தில் அதற்கு நான் எத்தனையோ பதில் செய்து வைத்திருந்தேன். அவள் மனசு நோகுமே என்று வரவில்லை. பார்த்ததைச் சொல்லி ஏங்க வைக்கக் கூடாதே என்று வரவில்லை. ஒவ்வொன்றும் நல்ல பதில். அந்தப் படியில், நனைந்த பாவாடையோடு, எழுந்து போக முடியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவற்றில் ஒன்றையும் நான் சொல்லவில்லை.

"மறந்துட்டேன் பாத்து. வேற ஒண்ணுமில்ல. நல்லா ஆட்டம் போட்டேன். பஸ்ல தூங்கிட்டேன். வீட்டுக்குப் போயி சாப்பிட்டுப் படுத்துட்டேன். திங்கக்கிழமை உன்னப் பாத்ததுக்கப்புறந்தான் ஞாபகமே வந்துச்சு."

பாத்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். திரும்பியபோது அவள் முகம் தெளிவாக இருந்தது.

"நெசமாவா?"

"நெசமா."

"நீ எரக்கப்பட்டு வரலன்னுல்லா இம்புட்டு நாளா நெனச்சேன். இந்த மொண்டிக்கிட்ட போயி எப்படிச் சொல்லன்னு வரலன்னு. அதுதான் எனக்கு ஆறல. மறந்துட்டன்னா சரிதான். மறக்கதுன்னா எல்லாரையுந்தான் மறப்போம்."

என் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். அது எனக்குத் தெரியாது என்று நினைவு வந்து தோளில் இன்னொன்று கொடுத்தாள்.

யாழினி பொரியோடு வந்ததும் சண்முகத்தை நானே கூப்பிட்டேன். தூக்கச் சொன்னேன். நாலு பேர் வேண்டாம், அவனும் யாழினியும் போதும் என்றேன். தூக்கும்போது கண்ணை மூடவில்லை. ஆறு, படித்துறை, துணி துவைக்கிறவர்கள், கோபுரம் எல்லாம் சாய்ந்து சாய்ந்து கீழே போயின.

7

மறுநாள் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குப் போவதென்று பேசிக்கொண்டோம். அங்கே படி கிடையாது, மதகுப் பக்கம்வரை வண்டி போகும் என்று பாத்துதான் சொன்னாள். காலை பத்து மணிக்குத் தன்னை வீட்டில் வந்து கூட்டிக்கொள்ளச் சொன்னாள்.

பத்துக்குப் போய்விட்டோம். மேலப்பாளையத்தில் ஒடுக்கமான தெரு. அவள் வீட்டு வாசலில் ஸ்கூட்டர் இல்லை. ஃபோன் அடித்தால் வீட்டுக்குள்ளேயே மணி கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, பாத்து ரேஷன் கடைக்கு அரிசி போடுதாங்கன்னு போயிட்டா, வர நேரமாகும் என்றாள். உங்களிடம் ஏதாவது சொல்லிவிட்டுப் போனாளா என்று சண்முகம் கேட்டான். ஒன்றும் சொல்லவில்லையே என்றாள் அந்தப் பெண்.

சண்முகத்துக்கு எரிச்சல். யாழினி கதவைத் திறந்து நாற்காலியை இறக்கினாள். நான் தெருவோரம் வேப்பமர நிழலில் போய் நின்றேன். ஒரு பூனை மதில்மேல் தூங்கிக்கொண்டிருந்தது. வெயில் இலை வழியாக மடியில் விழுந்து அசைந்தது. யாழினி என் தோளில் கையை வைத்தபடி, சாச்சி மறந்துட்டாங்களாம்மா என்று கேட்டாள்.

ஆமாம், எல்லாரையும்போல என்னையும் மறந்துவிட்டாள் என்றேன். முக்கால் மணி நேரம் அங்கேயே காத்திருந்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.